கிரீன் ஃப்ளோரல் பெர்ஃப்யூம்: காம்போடு வரும் பூ

சென்ட் பற்றிப் பேசும் இடத்தில் எல்லாம் அடிபடும், ஆனால் ஆளுக்கொரு அர்த்தத்தில் பயன்படும் சொல் 'ஃப்ரெஷ்'. எலுமிச்சை மாதிரி இருந்தாலும் ஃப்ரெஷ், சோப்பு மாதிரி இருந்தாலும் ஃப்ரெஷ், கடற்காற்று மாதிரி இருந்தாலும் ஃப்ரெஷ். அதன் கூடவே 'கிரீன்' என்று இன்னொரு சொல்லும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பாட்டில் பச்சையாக இருந்தால் கிரீன், இயற்கைச் சரக்கு என்று விற்றால் கிரீன், வாசனை லேசாக இருந்தால் அதுவும் கிரீன். இதையெல்லாம் நம்பி, அட்டையில் 'ஃப்ரெஷ் கிரீன் ஃப்ளோரல்' என்று போட்டிருப்பதை வாங்கி வந்து, முதல் தெளிப்பிலேயே ஒடித்த தண்டு மாதிரி ஏதோ கசப்பாக மூக்கில் ஏற, 'இது கெட்டுப்போனது போல' என்று ஓரமாக வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர். பாட்டிலில் எந்தக் கோளாறும் இல்லை, அந்தக் கசப்புதான் இந்த வகையின் உயிர். அது எங்கிருந்து வருகிறது, பூவோடு சேர்ந்து என்ன செய்கிறது, ஏன் சீக்கிரம் போய்விடுகிறது என்று தெரிந்தால் இந்த வகை பெர்ஃப்யூமை முகரும் விதமே மாறிவிடும்.

## பச்சை என்பது காயம்பட்ட செடியின் வாசனை

முருங்கைக்கீரை ஆய்ந்த விரலை முகர்ந்து பாருங்கள். புல்வெளியை மெஷின் போட்டு வெட்டிய சூட்டோடு அந்தப் பக்கம் நடந்து பாருங்கள். வெள்ளரிக்காயின் நுனியைச் சீவும்போதும், குடைமிளகாயைப் பிளக்கும்போதும் எழுகிற வாசனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மாதிரி ஒன்று இல்லை, ஆனாலும் எல்லாம் ஒரே குடும்பம் என்று மூக்குக்கு உடனே தெரிகிறது: கொஞ்சம் ஈரம், கொஞ்சம் கசப்பு, இனிப்பு அநேகமாகக் கிடையாது, ஓரத்தில் ஒரு கூர்மை. பெர்ஃப்யூம் செய்பவர்கள் 'கிரீன்' என்பது இந்தக் குடும்பத்தைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, செடியில் சும்மா இருக்கிற முழு இலையில் இந்த வாசனை பெரிதாக வருவதில்லை. கிழித்தால், கசக்கினால், வெட்டினால்தான் வரும். இலையின் செல் சவ்வுகளில் லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது. 18 கார்பன் அணுக்கள் கோத்த நீளமான சங்கிலி அது, சுலபமாக ஆவியாகாது, ஆவியாகாதது மூக்குக்கு வந்து சேராது. இலை கிழிந்ததும் அங்கே இருக்கும் நொதிகள், அதாவது வேதிமாற்றங்களை வேகப்படுத்தும் புரதங்கள், அந்தச் சங்கிலியில் ஆக்சிஜனை ஏற்றி, அப்புறம் அதை வெட்டிவிடுகின்றன. வெட்டி விழுவது 6 கார்பன் கொண்ட சின்னத் துண்டு. அதன் பெயர் ஹெக்ஸெனல். சின்னதாக இருப்பதால் உடனே காற்றில் ஏறுகிறது, துளியூண்டு இருந்தாலும் மனித மூக்கு பிடித்துவிடுகிறது. இது நடந்து முடிய சில நொடிகள்தான் ஆகின்றன. அந்த ஹெக்ஸெனல் நிலையாக இருக்காது, அதில் ஒரு பகுதி கொஞ்ச நேரத்தில் ஹெக்ஸெனால் என்ற ஆல்கஹாலாக மாறுகிறது. இதற்குத் துறையில் 'இலை ஆல்கஹால்' என்றே பெயர். வெட்டிய புல்லின் வாசனையை ஒரே பாட்டிலில் அடைக்கச் சொன்னால் வேதியியலாளர் எடுத்து நீட்டுவது இதைத்தான்.

செடி இதை நமக்காகச் செய்யவில்லை. இலையைக் கடிக்கும் புழுவுக்கு எதிரான ஏற்பாட்டில் இதுவும் ஒரு பகுதி. இந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு, புழுவின் உடலில் முட்டையிடும் சின்னக் குளவிகள் தேடி வருகின்றன. பக்கத்துச் செடிகளும் இதை உணர்ந்து தங்கள் தற்காப்பைத் தயார்ப்படுத்திக்கொள்கின்றன. ஆக நாம் 'ஆஹா, புத்துணர்ச்சி' என்று இழுத்து முகர்வது ஒரு செடி 'என்னைக் கடிக்கிறார்கள்' என்று விடுகிற சத்தத்தை. எனக்கு இதைத் தெரிந்துகொண்ட பிறகு கிரீன் வாசனையில் இருக்கும் அந்தப் பதற்றம், அந்த முறுக்கு, இன்னும் தெளிவாகப் புரிகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கிரீன் என்பது பாட்டிலின் நிறமோ இயற்கைச் சான்றிதழோ கிடையாது, கிழிந்த இலையும் ஒடிந்த தண்டும் விடும் வாசனை. அதை ஆலையிலும் செய்யலாம், செடியிலிருந்தும் எடுக்கலாம்.

## பூவுக்குள் பச்சை எங்கே இருக்கிறது

சரி, ஃப்ளோரல் என்றால் பூ வாசனையை மையமாக வைத்துக் கட்டிய பெர்ஃப்யூம் என்று எல்லோருக்கும் தெரியும். பூவும் பச்சையும் எப்படிச் சேருகின்றன என்பதற்கு மல்லிகையைவிட நல்ல பாடம் நமக்குக் கிடையாது.

சாயங்காலம் பூக்கடையில் முழம் போட்டுக் கொடுக்கும்போது மல்லிகை இன்னும் மொட்டுதான். ஒரு மொட்டைக் காம்போடு எடுத்து நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்தால் இனிப்பு ஒரு பங்கு, பச்சை ஒரு பங்கு என்று வரும், காம்புப் பக்கம் போகப் போக பச்சை கூடும். ராத்திரி அதே மொட்டு விரிந்ததும் அறை முழுக்க இனிப்பு நிறைந்துவிடும். மறுநாள் காலை இதழ் ஓரம் பழுத்துப்போய், கனமான, கொஞ்சம் அழுகல் கலந்த இனிப்பு மட்டும் மிச்சம் இருக்கும். பூ ஒன்றுதான், வாசனை மூன்று. கிரீன் ஃப்ளோரல் பெர்ஃப்யூம் பிடித்து வைக்கப் பார்ப்பது இதில் முதல் நிலையை: மொட்டு, காம்பு, மேலே தெளித்த தண்ணீர்.

மல்லிகை வாசனையில் லினலூல், பென்சைல் அசிடேட் என்று லேசான, இனிமையான பொருட்கள் உண்டு. கூடவே இண்டோல் என்ற ஒன்றும் உண்டு. இண்டோல் தனியாக இருந்தால் அந்துருண்டையும் சாணமும் கலந்தது மாதிரி இருக்கும், பூவுக்குள் கொஞ்சமாக இருந்தால் அதுதான் அந்த மயக்கும் கனத்தைக் கொடுக்கிறது. மதுரை மல்லிகைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கும். தமிழ்நாட்டு மல்லிகையிலிருந்தும் ஜாதிமல்லியிலிருந்தும் கரைப்பான் வைத்து எடுக்கும் சாறு உலகப் பெரிய பெர்ஃப்யூம் நிறுவனங்களுக்குப் போகிறது. அந்தச் சாறு அடர்த்தியாக, தேன் மாதிரி, ராத்திரி விரிந்த பூவை நினைவுபடுத்துவதாக இருக்கும். கனமான பூ வாசனை செய்பவர் அதை அப்படியே முன்னால் நிறுத்துவார். கிரீன் ஃப்ளோரல் செய்பவரோ இண்டோலைக் கீழே இறக்கி, இலை ஆல்கஹாலையும் அதன் உறவுக்காரப் பொருட்களையும் மேலே ஏற்றி, விரிந்த பூவைத் திரும்ப மொட்டாக்குகிறார்.

இலை ஆல்கஹால் ஒரு கலவையில் பெரும்பாலும் 1 சதவீதத்தைக்கூடத் தொடாது. அந்தக் கொஞ்சூண்டு என்ன செய்கிறது என்றால், பாயசத்தில் போடும் சிட்டிகை உப்பு செய்கிற வேலையைத்தான். உப்பு தெரியாது, இனிப்பு தட்டையாக இல்லாமல் எழுந்து நிற்கும். பூவோடு கொஞ்சம் கசப்பான பச்சை சேர்ந்ததும் மூக்கு 'பூ வாசனை' என்பதைத் தாண்டி 'இப்போது பறித்த பூ' என்று எடுத்துக்கொள்கிறது. ஹையசிந்த், நார்சிசஸ், லில்லி ஆஃப் தி வேலி என்று இந்த வகையில் அடிக்கடி வரும் ஐரோப்பியப் பூக்கள் எல்லாம் இயல்பிலேயே கொஞ்சம் பச்சையை வைத்துக்கொண்டிருப்பவை. வயலட் செடியில் பூவை விட்டுவிட்டு இலையிலிருந்து மட்டும் எடுக்கும் சாறு ஒன்று இருக்கிறது, அதை முகர்ந்தால் நறுக்கிய வெள்ளரிக்காய் அப்படியே வரும். இரண்டிலும் நோனாடைஈனல் என்ற ஒரே பொருள் இருப்பதுதான் காரணம்.

## கால்பனம்: பெருங்காயத்தின் சொந்தக்காரன்

இந்த வகையின் வரலாற்றை மாற்றியது ஒரு பிசின். கால்பனம் என்பது ஈரானின் மலைப்பகுதிகளில் வளரும் ஃபெருலா இனச் செடியின் பிசின். நம் சாம்பாரில் விழும் பெருங்காயமும் அதே ஃபெருலா இனத்தின் இன்னொரு செடியிலிருந்து வருவதுதான். எடுக்கும் முறையும் கிட்டத்தட்ட அதேதான்: தண்டும் வேரும் சேரும் இடத்தில் கீறிவிட்டால் பால் வடிந்து காற்றுபட்டு இறுகும், அதைச் சுரண்டி எடுப்பார்கள். ஆனால் பெருங்காயத்தின் கந்தக நெடிக்குப் பதிலாக இதில் பச்சைப் பட்டாணித் தோல், குடைமிளகாயின் உள்பக்கம், ஈர மண், கொஞ்சம் பைன் மரம் என்று எல்லாம் வரும். குடைமிளகாய் நினைவு வருவது வெறும் கற்பனை இல்லை, குடைமிளகாய்க்கு அந்த வாசனையைத் தரும் பைரசீன் வகைப் பொருட்கள் கால்பனத்திலும் நுண்ணிய அளவில் இருக்கின்றன. தமிழ் வேதாகமத்தில் யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தில் தூபவர்க்கத்துக்குச் சொல்லப்படும் அல்பான் பிசினும் இதுதான், அவ்வளவு பழைய சரக்கு.

1947-ல் பாரிஸில் பால்மான் நிறுவனம் 'வான் வேர்' என்ற பெர்ஃப்யூமை வெளியிட்டது. பச்சைக் காற்று என்று அர்த்தம். அதைச் செய்தவர் ஜெர்மேன் செலியே. வேதியியல் படித்தவர், ஆண்களே நிறைந்திருந்த அந்தத் தொழிலில் அப்போதே தனக்கென ஒரு பெயரை உண்டாக்கிக்கொண்டவர். கால்பனத்தை மற்றவர்கள் ஒரு சொட்டு, அரைச் சொட்டு என்று பயந்து பயந்து போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர் கலவையில் சுமார் 8 சதவீதம் போட்டார் என்பது துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு. கால்பனத்தைச் சுத்தமாக முகர்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த எண்ணின் துணிச்சல் புரியும், ஏனென்றால் அது பக்கத்தில் இருக்கும் எல்லாப் பூக்களையும் விழுங்கிவிடும் சக்தி கொண்டது. போர் முடிந்து சுமார் இரண்டு வருஷமே ஆகியிருந்த பாரிஸில், இனிப்பும் பவுடருமாக இருந்த வாசனைகளுக்கு நடுவே இது புல்தரைப் பக்கம் கதவைத் திறந்துவிட்ட மாதிரி வந்து இறங்கியது. கிரீன் ஃப்ளோரல் என்ற வகையே அதிலிருந்துதான் தொடங்குகிறது என்று பலரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய வருஷம் கார்வென் நிறுவனம் வெளியிட்ட மா க்ரிஃப் என்ற பெர்ஃப்யூமும் பச்சைதான், ஆனால் அது வேறு பாதை: கார்டீனியா மொட்டின் கசப்பை நினைவூட்டும் ஸ்டைரலைல் அசிடேட் என்ற செயற்கைப் பொருளைத் தாராளமாகப் போட்டுச் செய்தது.

வான் வேர் பின்னாளில் பலமுறை மாற்றியமைக்கப்பட்டது. இன்று கால்பனத்தின் முழு முகத்தையும் பார்க்க நினைப்பவருக்கு நான் கைகாட்டுவது ஷனெல் நம்பர் 19. ஹான்ரி ரோபேர் செய்தது. நிறுவனர் கொக்கோ ஷனெலின் பிறந்தநாளான ஆகஸ்ட் 19-ஐ வைத்துப் பெயர் வந்தது. தொடக்கத்தில் கால்பனம் கத்தி மாதிரி வரும், பின்னால் உலர்த்திப் பதப்படுத்திய ஐரிஸ் வேர்க்கிழங்கின் பவுடர் மாதிரியான குளிர்ச்சி, அடியில் வெட்டிவேர். இதில் பூ சிரிக்காது, நிமிர்ந்து நிற்கும். கிரீன் ஃப்ளோரல் என்றால் மென்மையானது, சின்னப் பெண்களுக்கானது என்று நினைப்பவர் இதை ஒருமுறை முகர்ந்தால் போதும்.

## பிழிய முடியாத பூ

'கிரீன் என்றால் இயற்கை' என்ற நம்பிக்கைக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. லில்லி ஆஃப் தி வேலி என்பது ஐரோப்பாவில் வசந்தத்தில் பூக்கும் சின்ன வெள்ளை மணிப் பூ. பச்சையும் தண்ணீரும் சோப்பின் சுத்தமும் கலந்த வாசனை. ஃப்ரெஷ் கிரீன் ஃப்ளோரல் என்று சொன்னதும் பாதிப் பேருக்கு மனதில் வருவது இந்த வாசனையைத்தான். ஆனால் பெர்ஃப்யூமுக்கு உதவுகிற மாதிரி இந்தப் பூவிலிருந்து எண்ணெயோ சாறோ எடுக்க முடிவதில்லை. பாட்டிலில் நீங்கள் முகரும் லில்லி ஆஃப் தி வேலி முழுக்க முழுக்க ஒருவர் பூவை முகர்ந்து முகர்ந்து, வேறு பொருட்களை வைத்து வரைந்த படம்.

இதில் உச்சம் என்று கருதப்படுவது 1956-ல் டியோருக்காக எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா செய்த டியோரிஸிமோ. அவர் அந்தச் செடியைத் தன் தோட்டத்திலேயே வளர்த்து முகர்ந்து படித்தவர். அவர் கையில் இருந்த முக்கியக் கருவி ஹைட்ராக்ஸிசிட்ரோநெலல் என்ற செயற்கைப் பொருள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே புழக்கத்தில் இருந்தது. அதைச் சுற்றி மல்லிகையையும் இலைப் பச்சையையும் அவர் அடுக்கிய விதத்தில் பூ மட்டும் தெரியாமல், பூவுக்குக் கீழே இருக்கும் இலையும் காட்டு மண்ணின் ஈரமும்கூடத் தெரிகிறது. செயற்கைப் பொருள் என்றாலே மட்டம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு, அது இல்லாமல் இந்தப் பூ பாட்டிலுக்குள் வந்தே இருக்காது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

செயற்கை என்றால் பிரச்சினையே இல்லை என்றும் சொல்ல முடியாது. இதே பூ வாசனைக்குப் பல வருஷம் ஏராளமாகப் பயன்பட்ட லிலியல் என்ற பொருளை, இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யலாம் என்று வகைப்படுத்தி, 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருட்களில் தடை செய்துவிட்டது. 'நான் பத்து வருஷமாகப் போடும் சென்ட் முன்னே மாதிரி இல்லை' என்று சொல்பவர்களில் சிலர் நிஜமாகவே சரியாகத்தான் முகர்கிறார்கள்.

## ஏன் சீக்கிரம் போய்விடுகிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான்: 'ஆரம்பத்தில் அவ்வளவு நன்றாக இருந்தது, அரை மணி நேரத்தில் காணோம்.' பெர்ஃப்யூம் பேச்சில் 'நோட்' என்றால் கலவையில் தனியாக அடையாளம் தெரியும் ஒரு வாசனை. முதலில் எழுந்து சீக்கிரம் போவது டாப் நோட், நடுவில் நிற்பது ஹார்ட் நோட், கடைசி வரை தோலில் இருப்பது பேஸ் நோட். இந்தப் பிரிவை முடிவு செய்வதில் மூலக்கூறின் எடைக்குப் பெரிய பங்கு. லேசானது சீக்கிரம் ஆவியாகும், கனமானது மெதுவாக.

இலை ஆல்கஹாலின் மூலக்கூறு எடை 100. மல்லிகையிலும் இயற்கையாக இருக்கும் ஹெடியோன் என்ற, காற்றோட்டமான பூ வாசனை தரும் பொருளின் எடை 226. பெர்ஃப்யூமின் அடியில் நிற்கும் செயற்கைக் கஸ்தூரி ஒன்றான கேலக்ஸோலைடின் எடை 258. மூன்றையும் ஒரே கலவையில் போட்டால் எது முதலில் கிளம்பும் என்பது எண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. வெட்டிய புல் வாசனை ராத்திரி வரை அப்படியே இருக்கவேண்டும் என்று கேட்பது அந்த மூலக்கூறால் முடியாததைக் கேட்பது.

ஆனால் செய்பவர்கள் சும்மா இருக்கவில்லை. இலை ஆல்கஹாலை எடுத்து சாலிசிலிக் அமிலத்தோடு இணைத்தால் ஹெக்ஸெனைல் சாலிசிலேட் கிடைக்கிறது, எடை 220. வால் பச்சைதான், ஆனால் உடம்பு கனமாகிவிட்டது. வெட்டிய புல்லின் கூர்மை போய், பூந்தண்டின் உள்பக்கம் மாதிரி மெத்தென்ற பச்சையாக மாறி மணிக்கணக்கில் நிற்கிறது. கால்பனத்தில் எண்ணெய் பறந்துவிடும், பிசின் பகுதி தங்கிவிடும். அடியில் வெட்டிவேரும் மரப்பாசியும் வைத்தால் அவை தாமே கொஞ்சம் பச்சையானவை என்பதால், மேலே இருந்த இலை போன பிறகும் செடியின் நினைவு போகாது. நல்ல கிரீன் ஃப்ளோரலையும் சாதாரணமானதையும் பிரிப்பது இந்த ஒப்படைப்புதான் என்பது என் எண்ணம். சாதாரணமானதில் பச்சை போனதும் சர்க்கரைப் பூவும் வெள்ளைக் கஸ்தூரியும்தான் மிஞ்சும், அது எல்லாக் கடையிலும் கிடைக்கிற வாசனை.

சுருக்கமாக: சின்ன மூலக்கூறுகள் சீக்கிரம் போவது இயற்கை, போன இடத்தில் என்ன நிற்கிறது என்பதுதான் செய்தவரின் கைவேலை.

## பச்சையோடு குழப்பிக்கொள்ளும் மற்றவை

எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் வகையின் ஃப்ரெஷ் பளிச்சென்று வரும், புளிப்பாக இருக்கும், கசப்பு வந்தாலும் அது பழத்தோலின் கசப்பு. 1990-களில் உலகம் முழுக்கப் பரவிய கடல் வாசனை கேலோன் என்ற பொருளிலிருந்து வருகிறது, தர்பூசணியும் உப்புக் காற்றும் சேர்ந்த மாதிரி. அதை கிரீன் என்று விற்பதும் உண்டு, ஆனால் அதில் இலை கிடையாது. சோப்பு மாதிரியான சுத்த வாசனை ஆல்டிஹைடுகள் என்ற வேதிப்பொருட்களும் கஸ்தூரிகளும் சேர்ந்து தருவது. இவை எல்லாமே ஃப்ரெஷ்தான், கிரீன் ஆகிவிடாது. மறுபக்கம், நல்ல பச்சை எப்போதும் ஃப்ரெஷ் ஆக வேண்டும் என்றும் இல்லை, கால்பனம் அதிகம் உள்ள பழைய பெர்ஃப்யூம்கள் சில இருட்டாக, காட்டுத்தனமாக இருக்கும். 'ஃப்ரெஷ் கிரீன் ஃப்ளோரல்' என்ற மூன்று சொல்லையும் தனித்தனியாகப் பிரித்து, பளிச்சென்று இருப்பது எதனால், இலை எங்கே, எந்தப் பூ என்று மூன்று கேள்வியாகக் கேட்டு முகர்ந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## முகரும் விதம், நம் வெயில், பாட்டிலை வைக்கும் இடம்

கடையில் காகிதப் பட்டையில் அடித்து உடனே முகர்ந்தால் முதலில் ஆல்கஹால்தான் வரும், அரை நிமிடம் விட்டுவிடுங்கள். அப்புறம் ஒருமுறை, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, வீட்டுக்குப் போய் ஒருமுறை. முதல் முறையில் இலை, இரண்டாவதில் பூ, மூன்றாவதில் நீங்கள் நாள் முழுக்கச் சுமக்கப்போகிற வாசனை. முதல் முறையை மட்டும் வைத்து வாங்குகிறவர்தான் பின்னால் ஏமாந்ததாக நினைக்கிறார், முதல் கசப்பைப் பார்த்து ஓடுகிறவரும் அதே அளவு இழக்கிறார்.

சென்னை, மதுரை வெயிலில் தோல் சூடாக இருப்பதால் எல்லாமே வேகமாக ஆவியாகும், டாப் நோட் இன்னும் வேகமாக. பருத்திச் சட்டையின் உள்பக்கமோ துப்பட்டாவின் ஓரமோ தோலைவிட நல்ல இடம், கறை படுமா என்று முதலில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள். வியர்வையோடு சேர்ந்து திகட்டும் வெனிலா, கேரமல் வகைகளைவிடக் கசப்புள்ள பச்சை நம் ஏப்ரல், மே மாதங்களுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவருக்கும் அது ஒரு உபகாரம்.

பாட்டிலைக் குளியலறையிலும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் காற்றும் முதலில் கெடுப்பது இந்த லேசான பொருட்களைத்தான். வாங்கியபோது இலையாகத் தொடங்கிய ஒன்று, ஒரு கோடை கழித்துப் பழைய நெயில் பாலிஷ் மாதிரித் தொடங்கினால் போய்விட்டது டாப் நோட் மட்டும்தான். ஐந்து நிமிடம் பொறுத்தால் பல நேரம் பூ பத்திரமாகவே இருக்கும். அட்டைப் பெட்டியோடு பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும்.